தாளும் நாரும்

கழித்த பொருளினின்று தாள் ஆக்குதல் இக்காலத்துப் புதுமை என்பர் பலர். வரலாறு அதற்கு மாறாகவே கூறுகின்றது. கி.பி. 105-இல் சீன நாட்டுச் சாய் லூன் மரப்பட்டையோடு கந்தலையும் பழைய மீன்வலையையும் கூழாக்கித் தாள் செய்தனர் என்பது மரபு.

தமிழகத்தில் அச்சுத்தொழில் வேரூன்றிய காலை, தாளின்மை பெருந்தடையாயிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டபொழுது (1714-15), தாள் முட்டுப்பாட்டால் எழுத்துகள் சிறியனவாக வார்க்கப்பெற்றன. அருகிலுள்ள பொறையாற்றில் தாள் பட்டறையும் தோன்றிற்று. ஐரோப்பாவிலும் அந்நாளில் தாளுக்குரிய முதற்பொருள் கந்தலே.

1844-இல் செருமானியராகிய கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழி கண்டார். தாள் மலிந்தது, ஆயினும் அரைத்த மரக்கூழில் லிக்னின் எஞ்சியமையால் தாள் பழுப்பேறிற்று. மெழுகிடச் சேர்த்த படிகாரம் அமிலமாகி அதனை ஒடியச் செய்தது. மரத்துண்டுகளை வேதிப்பொருளில் வேகவைத்து லிக்னினை நீக்கும் முறை முதற்குறையைத் தீர்த்தது. படிகாரத்தின் தீங்கு நெடுநாள் நீடித்தது.

கரூரை அடுத்த புகழூரில் 1979-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 1984-இல் கரும்புச் சக்கையினின்று தாள் செய்யத் தொடங்கிற்று. கழிபொருள் மீண்டும் முதற்பொருளாயிற்று. பழந்தாளையும் நீரிற் கரைத்து, மை நீக்கிப் புதுத் தாளாக்குவர். சுழற்சிதோறும் நார் குறுகுமாதலின் புதுக்கூழ் கலத்தல் இன்றியமையாதது.

ஓலையினின்று தாளுக்குப் பெயர்ந்த நம் நூல்களின் வாழ்நாள், அத்தாளின் நாரையும் பசையையும் பொறுத்தது. ஆதலின் பழம்பதிப்புகளைப் பேணுவோர் பாடத்தோடு தாளையும் ஆராய்தல் கடனாகும்.