பலூன் துணியில் ஒரு கோட்டு

போன டிசம்பரில் நண்பர்களோடு கொடைக்கானல் போயிருந்தேன். ஜீன்ஸ், காட்டன் சட்டை, மேலே தடியா ஒரு ஸ்வெட்டர். "இது போதும்டா"ன்னு ஒரே அலட்டல். காட்டுக்குள்ள நடக்கும்போது தூறல் பிடிச்சுது. ஜீன்ஸ் நனைஞ்சு கால்ல ஒட்டிக்கிச்சு. சாயங்காலம் காத்து அடிச்சப்போ பல்லு தந்தி அடிச்சதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறானுங்க.

ஊர் திரும்பினதும் குளிர் உடை பற்றிப் படிக்க ஆரம்பிச்சேன். அப்போ மாட்டினவர்தான் ஜார்ஜ் ஃபிஞ்ச். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், லண்டனில் வேதியியல் ஆசிரியர், மலையேறி.

1922-ல் பிரிட்டிஷ்காரர்கள் எவரெஸ்ட் ஏறக் கிளம்பினார்கள். மற்றவர்களுக்கு கம்பளி, பட்டு, அதுக்கு மேல காபர்டீன். ஃபிஞ்ச் மட்டும் தனக்குன்னு ஒரு கோட்டு தைச்சுக்கிட்டார். வெளியே காற்று புகாத பலூன் துணி, உள்ளே ஐடர் வாத்தின் தூவி. பார்த்தவங்க சிரிச்சாங்க.

ஆனா கணக்கு ரொம்ப எளிமை. நமக்குச் சூடு தர்றது துணி இல்லீங்க, துணிக்குள்ள அசையாம நிக்கிற காற்று. தூவி எடை குறைவு, காற்றை நிறையப் பிடிச்சு வைக்கும். வெளித்துணி காற்று புகாமல் தடுக்கும். பருத்தி நனைஞ்சா அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணி உக்காந்துக்கும். என் ஜீன்ஸ் கதை அதுதான்! தூவியும் நனைஞ்சா படுத்துடும். அது உலர்ந்த குளிருக்குத்தான் ராஜா.

மலைக்குப் போனதும் சிரிப்பு அடங்கிடுச்சு. கேலி செஞ்சவங்க இப்போ பொறாமைப்படறாங்கன்னு ஃபிஞ்ச் டைரியில் எழுதி வெச்சார். சுமார் 7,770 மீட்டரில் சூறைக்காற்றில் கூடாரத்துக்குள் இரண்டு இரவுகள் தாக்குப்பிடித்து, மே 27 அன்று ஜெஃப்ரி புரூஸோடு ஆக்ஸிஜன் துணையில் சுமார் 8,320 மீட்டர் தொட்டார். அதுவரை எந்த மனிதனும் ஏறாத உயரம்.

கதை அதோட முடிஞ்சிருந்தா நல்லாயிருக்கும். பருவமழை நெருங்கிடுச்சு, புதுப் பனி குவியுது. ஆனாலும் மூன்றாவது முறையா ஏறினாங்க. உடம்பு முடியாம ஃபிஞ்ச் முன்பே திரும்பிட்டார். ஜூன் 7 அன்று பனிச்சரிவில் சுமைதூக்கிகள் ஏழு பேர் செத்துப்போனார்கள். வெள்ளைக்காரங்க எல்லாரும் பிழைச்சுட்டாங்க. கோட்டு கதையை ரசிச்சுப் படிச்சுட்டு வந்தவன் இங்கே கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். கோட்டை நாம தேர்ந்தெடுக்கலாம், பருவத்தை முடியாது. அது வேண்டாம்னு சொன்னா திரும்பிடணும்.

1924 பயணத்துக்கு ஃபிஞ்சைக் கூப்பிடவே இல்லை. ஆனா அவர் வழிதான் ஜெயிச்சுது. இன்னிக்கு எவரெஸ்ட் போறவங்க போடுறது தூவி உடைதான், பெரும்பாலானவர்கள் முதுகில் ஆக்ஸிஜன். இன்னொரு ஆச்சரியம்: அவர் 1952 முதல் 1957 வரை நம்ம புனேயில் தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநர்!

அடுத்த மலைப்பயணத்துக்கு ஜீன்ஸ் கிடையாது மக்களே. சீக்கிரம் காயுற பேன்ட், மெல்லிசா ரெண்டு மூணு அடுக்கு, மேலே மழைக்கோட்டு. நடக்கும்போது கழட்டு, நிக்கும்போது மாட்டு. மழை வலுத்தா ரூமுக்குத் திரும்பி சூடா டீ.

யார் சிரிச்சாலும் பரவாயில்லை.