கட்டத்துக்குள் அடங்காத எழுத்து

1978 ஆகஸ்டில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் விடி100 என்ற டெர்மினலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது தனிக் கணினி அன்று. திரையும் விசைப்பலகையும் சேர்ந்த ஒரு கருவி. கணக்குப் போடும் பெரிய கணினி வேறோர் அறையில் இருக்கும். கம்பி வழியே அது அனுப்புவதை விடி100 திரையில் காட்டும். திரையில் 24 வரிகள், வரிக்கு 80 கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எழுத்து. திரையைத் துடை, ஐந்தாம் வரிக்குப் போ என்பன போன்ற கட்டளைகளும் அதே கம்பியில் எழுத்துகளோடு கலந்தே வரும். காலப்போக்கில் இந்தக் கருவிகள் வழக்கொழிந்தன. ஆனால் அவற்றை நம்பி எழுதிய நிரல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஆகவே கருவியின் நடத்தையை அப்படியே மென்பொருளாக எழுத வேண்டியதாயிற்று. அந்த மென்பொருளுக்கு டெர்மினல் எமுலேட்டர் என்று பெயர்.

வேலூர், ஆம்பூர் தோல் தொழில் பகுதிக்கும் இந்தத் திரை ரயில்வே, வங்கி, அரசு அலுவலகம் வழியாகவே வந்தது. ரயில்வேயின் கணினி முன்பதிவு 1980-களின் நடுவில் தில்லியில் தொடங்கி 1987-இல் சென்னைக்கு வந்தது. அது ஓடியது டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில். வேலூர் மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகள் ஊர் திரும்ப வரிசையில் நிற்கும் காட்பாடிச் சந்திப்பு, பின்னர் இந்த வலையில் சேர்ந்தது. 1984, 1989 ஆண்டுகளின் ரங்கராஜன் குழு அறிக்கைகளுக்குப் பின் வங்கிக் கிளைகளில் கணினி புகுந்தபோது, யூனிக்ஸ் கணினி ஒன்றோடு பல எழுத்துத் திரைகளை இணைப்பது வழக்கமான ஏற்பாடாக இருந்தது. தேசியத் தகவலியல் மையம் செயற்கைக்கோள் வழியே மாவட்டத் தலைநகரங்களை இணைத்ததும் அதே பத்தாண்டில்தான்.

இந்தத் திரைகள் பேசியது ஆங்கிலம். தோல் பகுதியிலோ மூன்று எழுத்து முறைகள் புழங்கின. தமிழ் எங்கும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் தோல் வணிகக் குடும்பங்களிடையே உருது வேரூன்றியிருந்தது. ஏற்றுமதிக் கடிதங்களுக்கு ஆங்கிலம். இவற்றில் முதலிரண்டும் 80 கட்ட வரிக்குள் எளிதில் அடங்காதவை. தமிழில் 'கொ' என்ற ஓரெழுத்து மூன்று துண்டுகளாக எழுதப்படும். ஒலிப்பில் பின்னால் வரும் கொம்பு எழுத்தில் முன்னால் நிற்கும். உருது வலமிருந்து இடம் போவது. அதன் நஸ்தலிக் வரிவடிவம் சாய்ந்து இறங்குவது. 1983-இல் வந்த விடி220 டெர்மினல், பயனர் தாமே வரைந்த 94 குறிகளை ஏற்றிக்கொள்ள இடம் தந்தது. தமிழின் 247 எழுத்துகளை அந்த இடத்தில் எழுத்துக்கு ஒரு குறியாக வைக்க வழியில்லை.

இந்தியாவில் இதற்கு முதலில் வந்த தீர்வு வன்பொருளாக வந்தது. கான்பூர் ஐஐடியில் 1980-களில் உருவான ஜிஸ்ட் தொழில்நுட்பம் 1988-இல் புணேயின் சி-டாக் நிறுவனத்துக்குப் போனது. எழுத்துகளைச் சேர்த்து வரையும் வேலையை ஜிஸ்ட் அட்டையே செய்ததால், டாஸில் ஓடிய பழைய நிரல்களைத் திருத்தாமலே இந்திய மொழிகளில் பயன்படுத்த முடிந்தது. இதன் குறிமுறையான இஸ்கி 1991-இல் இந்தியத் தர நிர்ணயம் ஆயிற்று. உருது, காஷ்மீரி, சிந்தி ஆகியவற்றுக்கு பாஸ்கி என்ற தனிக் குறிமுறையைச் சி-டாக் வகுத்தது. திறமையான ஏற்பாடுதான். ஆனால் அட்டைக்குக் காசு வேண்டும், உள்ளே நடப்பதை வெளியார் திருத்தவும் இயலாது.

திறந்த மூல மென்பொருள் வேறு வழியில் வளர்ந்தது. 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்த கெர்மிட், டாஸ் உட்பட எண்ணற்ற இயங்குதளங்களுக்குப் பெயர்க்கப்பட்டது. அதன் டாஸ் பதிப்பு விடி வரிசை டெர்மினல்களாகவும் நடந்துகொண்டது. எக்ஸ்டெர்ம் 1984-இல் வந்தது. விண்டோஸுக்கான புட்டி 1999-இல் வெளியானது. இவற்றை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறவர் எதிர்கொள்ளும் வேலை மூன்று அடுக்கு. நடு அடுக்கு, கட்டளைகளைப் படித்துப் பொருள்கொள்ளும் பகுதி. இது கணக்கு மட்டும் என்பதால் ஏறக்குறைய மாற்றமின்றி எங்கும் ஓடும். மேல் அடுக்கு எழுத்தை வரைவது; பழைய தளத்தில் யூனிகோடு எழுத்துரு இருக்காது, எழுத்துகளைச் சேர்த்து வரையும் நூலகமும் இருக்காது. கீழ் அடுக்கு நிரலோடு பேசுவது. பெரும் சிக்கல் இங்கேதான். யூனிக்ஸில் இதற்குப் போலி டெர்மினல் என்ற வாசல் உண்டு. விண்டோஸில் அத்தகைய வாசல் 2018 இறுதியில்தான் திறந்தது. அதற்கு முந்தைய விண்டோஸுக்கு வின்பிடிஒய் என்ற திறந்த மூல மென்பொருள் ஒரு மறைவுத் திரையை ஓடவிட்டு, அதில் மாறும் எழுத்துகளைச் சுரண்டி எடுத்து அனுப்பியது. அழகான வழி அல்ல. இருந்தும் பழைய கணினிகளில் வேலை நடந்தது அதனால்தான்.

மேல் அடுக்கில் தமிழர்கள் கண்ட குறுக்குவழி குறிமுறையிலேயே இருந்தது. இணையத் தன்னார்வலர்கள் வகுத்த திஸ்கியும், 1999-இல் சென்னை தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் குறிமுறைகளும் எழுத்தின் வடிவத் துண்டுகளுக்கே எண் கொடுத்தன. கொம்பு முன்னால் எழுதப்படுவதால் எண்ணும் முன்னால் வந்தது. ஆகவே யூனிகோடு அறியாத பழைய தளத்திலும் எழுத்துருவை மாற்றினாலே தமிழ் தெரியும். திஸ்கியை யூனிகோடாக மாற்றும் பகுதி குனு சி நூலகத்தில் 2002-இல் சேர்ந்தது. தேடலும் அகரவரிசையும் இக்குறிமுறைகளில் சிரமப்பட்டன என்றாலும், பழைய கணினி வைத்திருந்தவருக்குக் கைகொடுத்தவை இவையே.

பல எழுத்து முறைகளையும் ஒரே டெர்மினலில் காட்ட முயன்றவற்றுள் முன்னிற்பது ஜப்பானியரான அராகி கென், மினாமி ஹிரோகாசு ஆகியோர் தொடங்கிய எம்எல்டெர்ம். இஸ்கித் தமிழையும் வலமிருந்து இடம் போகும் எழுத்துகளையும் அது ஏற்றது. பின்னாளில் அதை நெட்பிஎஸ்டி இயங்குதளம் வழியாக ஷார்ப் எக்ஸ்68000 வரிசை போன்ற பழைய கணினிகளிலும் ஓடவைத்தார்கள். புட்டியும் 2004-இல் அரபு எழுத்து இணைப்பையும் இருதிசை வரியையும் பெற்றது. க்னோம் டெர்மினலின் அடிப்படையான விடிஇ நூலகத்துக்கு அது 2019-இல்தான் வாய்த்தது. இதனால் உருது வரி சரியான திசையில் தெரிகிறது, நஸ்தலிக் சாய்வு மட்டும் கட்டத்துக்குள் வரவில்லை.

தமிழுக்கு எஞ்சிய சிக்கல் எழுத்தின் அகலம். ஒவ்வொரு குறியும் எத்தனை கட்டம் பிடிக்கும் என்பதற்கு மார்க்கஸ் குன் எழுதிய அட்டவணை எக்ஸ்டெர்மிலும் புட்டியிலும் இடம்பெற்றது. யூனிகோடு, ஈகாரக் குறியை இடம்பிடிக்காத குறியாகவும் இகரக் குறியை இடம்பிடிக்கும் குறியாகவும் வகைப்படுத்தியிருக்கிறது. அட்டவணை இதை அப்படியே எடுத்துக்கொண்டதால் 'கீ' ஒரு கட்டம், 'கி' இரண்டு கட்டம் ஆயிற்று. தமிழ் எழுதத் தெரிந்த எவரும் ஏற்காத கணக்கு இது. டெர்மினலில் மட்டும் திருத்தினால் தீராது. மறுமுனையில் ஓடும் நிரலும் தன் அட்டவணையை வைத்து எண்ணுகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இடஞ்சுட்டி தவறான இடத்தில் நிற்கும், வரி சிதையும். பழைய தளத்துக்குப் பெயர்க்கும்போது இந்தச் சிக்கல் இன்னும் கூடும். அந்தத் தளத்தின் அட்டவணை பழைய யூனிகோடைச் சேர்ந்தது என்பதால், டெர்மினல் தன் அட்டவணையைக் கையோடு கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

இந்தப் பெயர்ப்பு வேலைக்கு வேலூர், ஆம்பூர் பகுதியில் இன்னும் தேவை உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் வேலூர் மாவட்டப் பள்ளிகளுக்கும் வந்தது. தொடக்க ஆண்டுகளின் மடிக்கணினிகளில் விண்டோஸ் 7-உடன், சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் திறந்த மூலமாக்கிய புதிய டெர்மினலோ விண்டோஸ் 10-க்குக் கீழே ஓடாது. வேலை செய்யும் கணினியைக் காயலான் கடைக்கு அனுப்பாமல் காப்பாற்றுவது, பழைய தளங்களைக் கைவிடாத புட்டி போன்ற மென்பொருள்களே. அவற்றைத் தொடும் தமிழ் நிரலர்கள் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அகல அட்டவணை. 'கி'யும் 'கீ'யும் பல டெர்மினல்களில் இன்றும் வெவ்வேறு அகலத்தில்தான் நிற்கின்றன.