மட்டக்களப்புக்கு எத்தனை 'கே'?

1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். மட்டக்களப்பு ஐரோப்பியர் வாயில் 'பட்டிக்கலோ' ஆகி, ஆங்கிலத்தில் அப்படியே நிலைத்துவிட்டது.

இணையமும் ஆங்கில எழுத்தோடுதான் தொடங்கியது. 1990இல் இலங்கைக்குக் கிடைத்த முகவரி '.எல்கே'. 2010இல்தான் '.இலங்கை' வந்தது. கணினிகள் உள்ளுக்குள் அதை ஆங்கிலக் குறியீடாக மாற்றிக்கொள்ளும். நாம் தட்டுவதும் வாசிப்பதும் தமிழ்தான்.

எங்கள் இணையத்தளம் வர இன்னும் காலம் எடுக்கும். ஆனால் பெயரை இப்பவே பதிய வேணும், முந்தினவருக்கே பெயர். அதுவும் சொந்தமில்லை, குத்தகைதான். கட்டணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் அந்தக் கோட்டைபோலக் கைமாறிவிடும்.

மட்டக்களப்பை ஆங்கிலத்தில் எழுதினால் எத்தனை 'ரி', எத்தனை 'கே' என்று ஆளுக்கொரு கணக்கு. தமிழில் ஒரே எழுத்துக்கூட்டல். அதையே முதலில் பதிவோம்.