ஊவாவின் ஆடிக்காற்றும் நகரும் பஞ்சாங்கமும்

சூரியன் மேட ராசியின் தொடக்கத்தை விட்டுப் புறப்பட்டு மீண்டும் அதே இடத்துக்கு வந்துசேரும் காலமே தமிழ்ப் பஞ்சாங்கத்தின் ஓராண்டு. வாக்கியக் கணிதத்தில் அது 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. கடிகாரக் கணக்கில் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. வெயிலையும் மழையையும் நடத்துகிற ஆண்டு இதைவிடச் சிறியது. இரவும் பகலும் ஒத்திருக்கும் மார்ச் நாளிலிருந்து அடுத்த மார்ச் சமநாள் வரை சராசரியாக ஏறத்தாழ 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 விநாடிதான். பூமியின் அச்சு மெல்லத் திசைமாறி வருவதால், சமநாளன்று சூரியன் நிற்கும் இடம் விண்மீன்களிடையே ஆண்டுக்கு ஏறத்தாழ 50 விகலை பின்வாங்குகிறது. வேறுபாட்டின் பெரும்பகுதி அதனால் வருவது. ஆண்டுக்கு 23 நிமிடம் 45 விநாடி என்று சேர்ந்தால், ஏறக்குறைய 60 ஆண்டில் ஒரு முழு நாள். பிரபவ முதல் அட்சய வரையான ஆண்டு வட்டம் ஒருமுறை சுற்றி முடியும்போது, சித்திரை முதல் நாள் பருவத்தை விட்டு ஏறக்குறைய ஒரு நாள் தள்ளிப் போய்விடுகிறது.

இந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவானது என்றாலும், பருவத்தோடு ஒட்டி ஓடும் ஆங்கில நாட்காட்டியை அருகில் வைத்தால் தெரிந்துவிடும். சுவாமி விவேகானந்தர் 1863 ஜனவரி 12இல் பிறந்தார். அன்று மகர சங்கிராந்தி, அதாவது தை முதல் நாள். இன்று தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வருகிறது. சித்திரை முதல் நாள் சமநாளிலும், தை முதல் நாள் சூரியன் வடக்கே திரும்பும் நாளிலும் உண்மையாகவே பொருந்தியிருந்தது கி.பி. 3 முதல் 6ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில். அதன் பிறகு 24 நாள் அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். உத்தராயணம் பிறந்தது என்று பஞ்சாங்கம் சொல்வது தைப்பொங்கலன்று.

விவேகானந்தர் பிறந்த அந்தக் காலத்தில் இலங்கையின் ஊவாவிலுள்ள பதுளையைச் சுற்றிய மலைகளில் நின்றது தேயிலை அல்ல, கோப்பி. திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து, ஆள்திரட்டி மேற்பார்த்த கங்காணிமாரின் கீழ் ஆட்கள் வந்தார்கள். கோப்பிப் பழம் பறிக்கும் உச்சகாலம் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை. ஊரில் நெல்வேலை குறைந்திருக்கும் மாதங்களில் தோட்டத்தில் கூலி கிடைத்தது. அறுவடைக்குப் பலர் திரும்பிப் போனார்கள். ஆகவே தொடக்கத்தில் இந்த மக்களுக்குப் பஞ்சாங்கம் இருந்த இடம் தமிழ்நாட்டு வயல்தான். தோட்டம் அதன் இடைவெளியில் அமர்ந்தது.

அந்த ஏற்பாட்டைக் குலைத்தது ஒரு பூஞ்சணம். 1869இல் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் கோப்பி இலைநோய் முதலில் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்து தேயிலை ஏறியது. ஊவா தனி மாகாணமானது 1886இல். தேயிலை வணிகர் லிப்டன் அப்புத்தளைக்கருகில் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கியது 1890இல். ரயில் பதுளைக்கு வந்தது 1924இல். கோப்பியைப்போல் தேயிலைக்கு ஒரு பறிப்புக் காலம் கிடையாது. கொழுந்து ஆண்டு முழுவதும் வரும். ஆளும் ஆண்டு முழுவதும் வேண்டும். போய்வந்த குடும்பங்கள் லயங்கள் எனப்பட்ட வரிசை வீடுகளில் தங்கின. பிரட்டில் (காலை ஆளெடுப்பில்) பேர் கொடுப்பதும் செக்ரோலில் (வேலைநாள் பதிவேட்டில்) நாள் ஏறுவதும் சம்பளமும் ஆங்கில மாதத்தில் நடந்தன; மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் தீபாவளியும் தமிழ் மாதத்தில் நின்றன.

தமிழ்நாட்டுச் சமவெளிக்கு அமைந்த மாதப் பெயர்கள் இந்த மலைக்கு எவ்வளவு பொருந்தின? இதற்கு விடை, ஊவா மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதில் கிடைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துத் தமிழ்நாட்டை மழைமறைவில் வைப்பதுபோலவே, இலங்கையின் மத்திய மலை ஊவாவை மழைமறைவில் வைக்கிறது. அட்டன் பக்கம் ஆடியில் மழையில் நனையும்போது, மலையைத் தாண்டி பசறை, நமுனுகுல, பண்டாரவளைச் சரிவுகளுக்கு வருவது ஈரம் இழந்த கச்சான் காற்று மட்டுமே. அந்த வறட்டுக் காற்றில் கொழுந்தின் வளர்ச்சி குறைந்து மணம் ஏறுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கிடைக்கும் ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயர் பெற்றது இதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி பதுளையிலும் பழமொழியாகவே நிற்க முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அப்படியே: வடகீழ்ப் பருவமழை தமிழ்நாட்டுக்கும் ஊவாவுக்கும் பொது.

பொருந்தாமல் போனது ஆற்று நீர். குடகு மலையில் பெய்த மழை காவிரியில் இறங்குவதால் சமவெளியில் ஆடிப்பெருக்கு உண்டு. கிழக்குச் சரிவின் மழையை நம்பி ஓடும் பதுளு ஓயாவுக்கு அந்தப் பருவத்தில் புதுவெள்ளம் வர வழியில்லை. தையும் முழுதாக ஒட்டவில்லை. கொழுந்து பறிக்கும் வீட்டில் புதுநெல் இல்லை. அயலிலுள்ள சிங்களக் கிராமங்களின் பெரும்போகமும் பெரும்பாலும் தைக்குப் பிறகே அறுவடைக்கு வரும்.

அயலவரோடு ஒத்துப்போனது சித்திரைதான். சூரியன் மேடத்தில் புகும் அதே கணத்தையே சிங்களவரும் புத்தாண்டாகக் கொள்கிறார்கள். பழைய ஆண்டுக்கும் புதிய ஆண்டுக்கும் இடையில் வரும் பொழுதுக்கு மட்டும் அளவு வேறு: தமிழர் புண்ணிய காலத்தை முன் 4 மணி, பின் 4 மணி என்று கொள்ள, சிங்களவரின் நோனாகத என்னும் இடைப்பொழுது 12 மணி 48 நிமிடம் நீள்கிறது. தமிழருக்குள்ளும் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை வேறுவேறாகக் கணிக்கின்றன.

நாட்காட்டியில் அரசு கைவைத்ததும் உண்டு. 1966இல் இலங்கை ஞாயிறு விடுமுறையை நீக்கி, சந்திரனின் கால்வட்டத்தைக் குறிக்கும் போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. சந்திரனின் கால்வட்டம் சராசரி 7.38 நாள் என்பதால் சில வாரங்கள் எட்டு நாளாக நீண்டன. வெளிநாட்டு வணிகத்தோடு ஒத்துப்போக முடியாமல் 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. இந்தியாவோ நாட்காட்டியின் நகர்வையே திருத்தப் பார்த்தது. மேகநாத் சாகா தலைமையிலான குழு பருவத்தோடு ஒட்டிய ஆண்டைப் பரிந்துரைத்தது. தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்தது. கோயில் பஞ்சாங்கங்கள் பழைய ஆண்டளவை விடவில்லை.

அந்த அளவு இப்படியே தொடர்ந்தால், இன்னும் ஏறத்தாழ 1,800 ஆண்டில் சித்திரை முதல் நாள் மே மாத நடுவில் வரும். அப்போது ஊவாவில் இன்று ஆடியில் வீசும் காற்றுக்குப் பஞ்சாங்கத்தில் ஆனி என்று பேர் இருக்கும்.