வீக்கத்துக்கு முன்னால் வரும் வெளிச்சம்

பி.காம். படிக்கிறவனுக்கு வேதியியலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள் நண்பர்களே. வரலாறு என்று வந்துவிட்டால் எல்லாமே நம்ம ஏரியாதான்!

அடிபட்ட இடம் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். அழற்சியின் இந்த நான்கு அடையாளங்களையும் ரோமானியரான செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார். ஆனால் இவையெல்லாம் வெளியே தெரிபவை. உள்ளே முதலில் என்ன நடக்கிறது? அதை உயிருள்ள உடலிலேயே பார்க்க நீண்ட காலம் ஆயிற்று.

வழி காட்டியது ஒளிர்வு. 1845-இல் ஜான் ஹெர்ஷல், கொயினா கரைசல் வெயிலில் நீலமாக மின்னுவதைப் பற்றி எழுதினார். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, தெரிகிற ஒளியாகத் திருப்பித் தருகிறது என்று 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் விளக்கினார். 1871-இல் அடால்ஃப் பேயர் ஃப்ளூரசீன் என்ற சாயத்தைத் தயாரித்தார். 1942-இல் அமெரிக்கரான ஆல்பர்ட் கூன்ஸும் அவரது குழுவினரும் அந்தச் சாயத்தை எதிர்ப்புரதத்தோடு ஒட்டி, நிமோனியா கிருமியின் பொருள் திசுவில் எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். சாயம் உளவாளி ஆன கதை இதுதான்.

ஆனால் அது வெட்டி எடுத்த திசு. உயிருள்ள உடலுக்குள் பார்க்கக் கைகொடுத்தது ஒரு ஜெல்லிமீன்! அதிலிருந்த ஒளிரும் புரதத்தைப் பற்றி 1962-இல் ஒசாமு ஷிமோமுரா அறிவித்தார். (2008-இல் அதற்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) அந்தப் புரதத்தின் மாற்று வடிவத்தைக் கொண்டு 2006-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் 'ஹைப்பர்' என்ற உளவாளியை உருவாக்கினார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தொட்டால் இதன் ஒளிர்வு மாறும்.

வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்ல இந்தப் பெராக்சைடைச் சுரக்கும் என்பது முன்பே தெரிந்த விஷயம். 2009-இல் ஹார்வர்டில் நீதாமர், மிட்சிசன் குழுவினர் ஹைப்பர் உள்ள ஜீப்ரா மீன் குஞ்சின் வாலில் சின்னக் காயம் செய்து பார்த்தார்கள். சில நிமிடங்களிலேயே காயத்தின் ஓரம் பெராக்சைடு பெருகியது. வெள்ளையணுக்கள் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தன! சுரந்தவை காயத்தின் ஓரத்துத் தோல் செல்கள். அந்தச் சுரப்பைத் தடுத்தபோது வெள்ளையணுக்களின் வரவும் குறைந்தது. ஆயுதம் என்று நினைத்தது, ஆளை அழைக்கும் குரலாகவும் இருந்திருக்கிறது.

மூட்டுவாதம் போன்ற நோய்களில் இந்த அழற்சி அடங்காமல் போவதுதான் தொல்லை. மீனுக்குச் செய்ததுபோல் மனிதனுக்கு மரபணுவை நுழைத்துப் பார்க்க முடியாது. நம் தசையைத் தாண்டி ஒளியும் ஆழமாகப் போகாது. ஆனாலும் எது முதலில் வருகிறது என்று தெரிந்தால்தானே, எதைத் தடுப்பது என்று யோசிக்க முடியும்?