பற்றின்மையும் பராமுகமும்



ஆங்கிலத்தில் 'டிஸ்இன்டரெஸ்டட்' என்றொரு சொல் உண்டு. 'அன்இன்டரெஸ்டட்' என்று மற்றொன்றும் உண்டு. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போலத் தோன்றுவதால், ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை நிறுத்துவோர் பலர். நான் தலைமையாசிரியனாக இருந்த நாள்களில், முதற் சொல் அமைந்த தொடர் ஒன்றைக் கொடுத்துத் தமிழாக்கச் சொன்னேன். 'வழக்கில் அக்கறையில்லாத நீதிபதி' என்று வகுப்பிற் பாதிப்பேர் எழுதியிருந்தனர். அத்தகைய நீதிபதியிடம் தம் வழக்கை ஒப்படைக்க எவரேனும் உடன்படுவரோ?

இச்சொற்களின் வரலாறே இம்மயக்கத்திற்கு ஒரு காரணம். இவற்றின் வேர் 'இடையே இருத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல். அது ஆங்கிலத்தில் முதலில் பங்கு, உரிமை, ஆதாயம் என்னும் பொருள்களில் வழங்கியது. கடனுக்குரிய வட்டியை இன்றும் அச்சொல்லாலேயே குறிக்கின்றனர். மன ஈடுபாடு என்னும் பொருள் பின்னரே வந்து சேர்ந்தது. வியப்பு என்னவென்றால், 17-ஆம் நூற்றாண்டில் 'அன்இன்டரெஸ்டட்' என்பது நடுநிலையைக் குறித்தது. மற்றைச் சொல்லோ அக்கறையின்மையையும் குறித்தது. 18-ஆம் நூற்றாண்டிற்குப் பின்னரே இன்றைய பொருள் வேறுபாடு நிலைபெற்றது. ஆதாயம் கருதாத நடுநிலை ஒன்று. ஈடுபாடே இல்லாத பராமுகம் மற்றொன்று. சொற்கள் இடம் மாறினும், அவை குறிக்கும் மனநிலைகள் இரண்டும் என்றும் வெவ்வேறே. இதனை விளக்க நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒரு சான்று கல்லில் இருக்கின்றது.

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குச் செல்லும் வழியில் திருமயம் உள்ளது. அங்கே ஒரே குன்றின் அடிவாரத்தில், ஒரே பாறையைக் குடைந்து அமைத்த கோயில்கள் இரண்டு அருகருகே உள்ளன. ஒன்று சத்தியகிரீசுவரர் கோயில். மற்றொன்று சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில். பாறை ஒன்றாயினும் அடியார்கள் ஒன்றாக இல்லை. சைவருக்கும் வைணவருக்கும் இடையே நெடுநாள் பூசல் நிலவியது. நில வருவாயில் யாருக்கு எவ்வளவு, எல்லை எது என்னும் கேள்விகள் தீராதிருந்தன.

இவ்வழக்கு 1245-ஆம் ஆண்டில் தீர்ந்தது. தீர்த்து வைத்தவன் போசள மன்னன் வீர சோமேசுவரனின் படைத்தலைவனாகிய அப்பண்ண தண்டநாயகன். போசளர் கன்னட நாட்டினர். சோழ பாண்டியப் போர்களின் ஊடே தமிழகத்தில் புகுந்து, திருச்சிராப்பள்ளியை அடுத்த கண்ணனூரில் நிலைகொண்டிருந்தவர். அப்பண்ணன் தன் விருப்பப்படி ஆணையிட்டு விடவில்லை. பலர் கூடிய அவையில் வழக்கு ஆராயப்பட்டது. வருவாய் இரு கோயில்களுக்கும் பகிரப்பட்டது. இடையே சுவர் எழுப்பி எல்லை வகுக்கப்பட்டது. முடிவைக் கல்லிலும் பொறித்தனர்.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டுவது ஒன்று உண்டு. அப்பண்ணன் அவ்வூரான் அல்லன். அந்நில வருவாயில் அவனுக்குப் பங்கு கிடையாது. எனினும் வழக்கில் அவன் அக்கறையற்றவனா? அக்கறையற்றவனாயின், அவை கூட்டவும், எல்லை வகுக்கவும், கல்லில் வெட்டுவிக்கவும் அவனுக்கு என்ன தேவை? 'உங்கள் சண்டை உங்களோடு' என்று தன் படையுடன் போயிருப்பான். நாட்டில் அமைதி நிலவுவதால் போசளர்க்கு நன்மை உண்டு என்பது உண்மையே. ஆயினும் அந்நன்மை சைவர் வென்றாலோ வைணவர் வென்றாலோ வருவதன்று. பூசல் தீர்ந்தால் வருவது. பக்கம் சாராமலும் பராமுகமாகாமலும் நிற்பது இதுவே. இவனுக்கு முதற் சொல்லே பொருந்தும், இரண்டாவது பொருந்தாது.

இரண்டு சொற்களும் ஒருங்கே பொருந்தும் இடமும் தமிழக வரலாற்றில் உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஊரவை வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்த வகையைக் கூறுகின்றது. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் விவரம் அறியாத ஒரு சிறுவன். யார் வந்தாலும் அவனுக்கு ஆதாயம் இல்லை. யார் வர வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. ஓலை எடுப்பதற்கு அவ்வறியாமை போதும். ஆனால், குற்றம் செய்தோரும் கணக்குக் காட்டாதோரும் உறுப்பினராகலாகாது என்று விதி வகுத்தவர்கள் அறிந்தவர்கள். ஊர் நலனில் அக்கறை மிக்கவர்கள். சிறுவன் கையில் ஓலையை விட்டனரேயன்றி, விதியை விட்டாரில்லை.

நண்பர்களே, இன்று இரு நண்பர்கள் பிணங்கும்போது, 'நான் நடுநிலை' என்று சொல்லி ஒதுங்கிக் கொள்கின்றோம். இரு தரப்பையும் கேளாமலும், உண்மை எதுவென ஆராயாமலும் ஒதுங்குவது நடுநிலை அன்று; பராமுகமே. வள்ளுவர் நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறினார். துலாக்கோல் பொருளைத் தாங்கி நின்றே எடை காட்டுகின்றது. சுமக்க மறுக்கும் கோல் எதனையும் நிறுப்பதில்லை. திருமயம் செல்லும்போது அவ்விரு கோயில்களையும் நின்று பாருங்கள். தன் பங்கை நாடாதவன் பிறர் பங்கை எவ்வளவு அக்கறையோடு அளந்தான் என்பது விளங்கும். அந்த ஆங்கிலச் சொல்லின் பொருளும் பின்னர் மறவாது.