வியர்வையும் பேதியும்: பந்தயக் குதிரை சீசனுக்குத் தயாரான கதை

நாட்டுமருந்துக் கடையில கரியபோளம்னு கேட்டுப் பாருங்க. கண்ணாடிச் சில்லு மாதிரி கருப்பா ஒன்றைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக வைத்தது அது. நாக்கில் பட்டால் அவ்வளவு கசப்பு, வயிற்றுக்குள் போனால் பேதி. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பந்தயக் குதிரையின் புது சீசன் தொடங்கியது இந்தக் கரியபோளத்தில்தான்.

இடம் நியூமார்க்கெட். லண்டனிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். 1671-ல் மன்னர் இரண்டாம் சார்லஸ் தானே குதிரையேறி அங்கே ஒரு பந்தயத்தில் ஜெயித்திருக்கிறார். இன்றைக்கும் ஊரைச் சுற்றி லாயங்கள்தான். வசந்தத்தில் பந்தயம் ஆரம்பித்தால் இலையுதிர் காலத்தோடு முடியும். குளிர்காலம் முழுக்க குதிரை கொழுக்கும். அந்தக் கொழுப்பை இறக்கி, குதிரையை ஓட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் டிரெய்னரின் வேலை.

எப்படி இறக்கினார்கள்? முதலில் பேதி. தவிட்டுக் கூழ் கொடுத்து வயிற்றை இளக்கிவிட்டு, கரியபோள உருண்டையைத் தொண்டைக்குள் தள்ளுவார்கள். குதிரைக்கு அது வேலை செய்யக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். குடல் காலியாகும் வரை மெதுவாக நடத்திக்கொண்டே இருக்க வேண்டும். சில நாள் இடைவெளி விட்டு இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. பேதி முடிந்ததும் வியர்வை. குதிரைக்கு மேல் கம்பளி, அதன் மேல் இன்னொரு கம்பளி, தலைக்கும் கழுத்துக்கும் முக்காடு. இந்தக் கோலத்தில் நாலு மைல், அதாவது ஆறரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஓட விடுவார்கள். ஓடி வந்ததும் கொட்டகைக்குள் நிறுத்தி மேலும் கம்பளி போர்த்தி, வியர்வை ஆறாகக் கொட்டியதும் மரச்சட்டத்தால் வழித்து எடுத்து, உலரத் தேய்த்துவிடுவார்கள். லாயத்தின் சன்னல்களையும் இறுக மூடி வைத்திருப்பார்கள். இருட்டும் வெதுவெதுப்பும் குதிரைக்கு நல்லது என்று நம்பிக்கை.

இதைக் கொடுமை என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிட்டால் விஷயம் பிடிபடாது. அன்றைய ஐரோப்பிய வைத்தியம், உடம்புக்குள் கெட்ட நீர் தேங்குவதே நோய்க்குக் காரணம் என்று நம்பியது. நம்ம ஊர் வாத பித்த கபத்துக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. மனுஷனுக்கு என்ன சிகிச்சையோ, அதுவேதான் குதிரைக்கும்.

இன்னொரு காரணம் ஓட்டமே. எக்லிப்ஸ் என்ற புகழ்பெற்ற குதிரை பிறந்தது 1764-ல். முதல் பந்தயம் ஓடியது 1769 மே மாதம், ஐந்து வயதில். அந்தக் காலத்துப் பந்தயம் ஒரே நாளில் நாலு நாலு மைலாகச் சில சுற்றுகள் ஓடுவது. முழுசாக வளர்ந்து எலும்பு முற்றிய குதிரைகள் ஓடின. அப்படிப்பட்ட உடம்பு பேதியையும் கம்பளியையும் ஓரளவு தாங்கிக்கொண்டது.

எக்லிப்ஸ் பற்றி ஒரு கதை உண்டு. சீசனுக்கு முன் ரகசியமாக நடந்த சோதனை ஓட்டத்தை வேவு பார்க்கப் போனவர்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்களாம். வழியில் ஒரு கிழவியிடம் விசாரிக்க, வெள்ளைக்கால் குதிரை ஒன்று பறந்தது, பின்னால் வந்தது உலகத்தின் எல்லை வரை ஓடினாலும் அதைப் பிடிக்காது என்றாளாம். உண்மையோ இல்லையோ, லாயத்துக்குள் நடப்பது தெரிந்தால் பணம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதன் கோரமான முகம் டேனியல் டாசன். நியூமார்க்கெட்டில் குதிரைகள் குடிக்கும் தொட்டித் தண்ணீரில் ஆர்சனிக் கலந்த குற்றத்துக்காக 1812-ல் கேம்பிரிட்ஜில் தூக்கிலிடப்பட்டார்.

பழைய முறையை மாற்றியது கருணை என்பதைவிடப் பந்தய அட்டவணை என்றுதான் சொல்ல வேண்டும். 1776-ல் செயின்ட் லெஜர், 1780-ல் டெர்பி. இரண்டுமே மூன்று வயதுக் குதிரைகளுக்கு. முதல் டெர்பியின் தூரம் ஒரே மைல். 1786-ல் நியூமார்க்கெட்டில் ஜூலை ஸ்டேக்ஸ், இரண்டு வயதுக் குட்டிகளுக்கு. குட்டிக்கு எலும்பு இன்னும் முற்றவில்லை. அதன் மேல் கம்பளியை ஏற்றி நாலு மைல் விரட்டினால் கால் போய்விடும். கால் போனால் முதலாளியின் பணமும் போகும். 19-ஆம் நூற்றாண்டில் இந்த வியர்வை ஓட்டம் மெல்ல வழக்கொழிந்தது. பல வாரம் நடை, அப்புறம் மெதுவான ஓட்டம், கடைசியில் சில குறுகிய வேக ஓட்டம் என்று முறை மாறியது. நூற்றாண்டு முடிவில் வந்த அமெரிக்க டிரெய்னர்கள் லாயத்துக் கதவுகளையும் திறந்துவிட்டார்கள்.

சரி, குதிரை தப்பித்தது. அதன் மேல் உட்கார்ந்தவர்?

ஃப்ரெட் ஆர்ச்சர், 1857-ல் பிறந்தவர். பதினோரு வயதில் நியூமார்க்கெட் லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 13 முறை சாம்பியன் ஜாக்கி, 2,748 வெற்றிகள், ஐந்து டெர்பி. ஆனால் ஜாக்கிக்கு ஆகாத உயரம், சுமார் 178 செ.மீ. குளிர்காலத்தில் 70 கிலோ வரை ஏறுவார். சீசனில் 55 கிலோவுக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். குதிரைக்கு வேண்டாம் என்று விட்டதையெல்லாம் அவர் தன் உடம்பில் செய்துகொண்டார்: பட்டினி, விளக்கெண்ணெய், வைத்தியர் கலக்கிக் கொடுத்த பேதிமருந்து, நீராவிக் குளியல். 1886 அக்டோபரில் கேம்பிரிட்ஜ்ஷையர் பந்தயத்துக்காக மூன்று நாள் பட்டினி கிடந்தும் குறித்த எடைக்கு ஒரு பவுண்டு கூடுதலாகவே, 54 கிலோவில் ஏறினார். தலையளவில் தோற்றார். அடுத்த சில நாட்களில் டைஃபாய்டு. இரண்டு ஆண்டுக்கு முன் பிரசவத்தில் மனைவியை இழந்த துக்கமும் ஆறவில்லை. நவம்பர் 8 அன்று காய்ச்சல் வேகத்தில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 29.

ஏன் இந்த வித்தியாசம்? குதிரைக்கு விலை உண்டு. கெட்டுப்போனால் நஷ்டம் யாருக்கு என்பது தெளிவு. ஜாக்கி தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டால் அது அவர் பாடு. ஒரு பையன் போனால் எடை குறைந்த அடுத்த பையன் வருவான்.

பிரிட்டனின் பந்தய மைதானங்களில் ஜாக்கிகள் எடை இறக்குவதற்கென்றே நீராவி அறைகள் இருந்தன. கொரோனா காலத்தில் மூடினார்கள். இனித் திறப்பதில்லை என்று முடிவானது 2021-ல். குதிரையின் முதுகிலிருந்து அந்தக் கம்பளிகள் இறங்கி அதற்குள் நூறு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.